பிளேக் தெள்ளும் காந்திகிராமத்து டாக்டரும்

பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் பெருகி, இரைப்பை வாசலையே அடைத்துவிடும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி தாளாத தெள்ளு மறுபடி மறுபடி கடிக்கும்; கடித்த இடத்திலேயே கிருமி கலந்த ரத்தத்தைக் கக்கும். எலிகள் செத்துத் தீர்ந்ததும் மனிதர்மேல் தாவும். பிளேக்கைப் பரப்புவது தெள்ளுதான் என்று 1898இல் கராச்சியில் கண்டறிந்தவர் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர். கண்டறிந்து என்ன? மருந்து வரப் பல ஆண்டுகள் ஆயின. எலி குடியிருக்கும் கூரையும் தானியக் குதிரும் அப்படியேதான் இருந்தன.

1925இல் டாக்டர் சௌந்தரராஜனைக் கொண்டுபோனது இந்த பிளேக்தான். மனைவி சௌந்தரத்துக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள். கைம்பெண்ணை மூலையில் உட்காரவைத்த காலத்தில் அவர் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரிக்குப் போய் 1936இல் டாக்டரானார். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947இல் சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனையோடு சௌந்தரம் நிற்கவில்லை. பள்ளி, கதர், கிராமசேவிகா பயிற்சி, சித்த மருந்துத் தயாரிப்பு என்று அடுத்தடுத்து வந்தன. டாக்டருக்கு ராட்டையோடு என்ன வேலை என்று கேட்கலாம்தான். கையில் காசில்லாத வீட்டுக்கு நோய் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சௌந்தரத்தைப் போலவே அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் நோயால் இழப்பைக் கண்டவர்; 1736இல் நாலு வயது மகனைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர். அவரது மின்னல் ஆராய்ச்சியைத்தான் நாம் பேசுகிறோம். ஆனால் 1751இல் பிலடெல்பியாவில் மருத்துவமனை தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஊரார் இரண்டாயிரம் பவுண்டு திரட்டினால் சட்டசபையும் அதே தொகையைத் தர வேண்டும் என்று பேசி முடித்த சாமர்த்தியசாலி!

சௌந்தரம் சட்டமன்றமும் போனார், பிறகு நாடாளுமன்றமும் போனார். 1962இல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர், பத்ம பூஷண், எல்லாம் ஒரே ஆண்டில். 1967இல் தோற்றார்.

எனக்கு வியப்பு இதெல்லாம் அல்ல. 1959 முதல் காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்து வீடுகளில் தாய்சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் பேசினார்கள். ஆயிரம் பேருக்குச் சுமார் 43ஆக இருந்த பிறப்பு விகிதம் 1968இல் 28 அளவுக்கு இறங்கியது. 1952இல் சௌந்தரத்தை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது அதே ஆத்தூர்தான்.