இரவு இளைப்பும் எதுக்களிப்பும்

சாப்பிட்டுப் படுத்ததும் இருமல், விடியற்காலையில் இளைப்பு, எழுந்தால் தொண்டை கரகரப்பு, வாயில் புளிப்பு. ஆஸ்துமா உள்ள பலர் இவற்றைத் தனித்தனித் தொல்லையாக எண்ணி, இன்ஹேலரை மருத்துவரிடமும் கேஸ் மாத்திரையை மருந்துக் கடையிலும் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத் தசை தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலேறும். அது துளியளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் குழாய் சுருங்கும். இறங்காவிட்டாலும், உணவுக்குழாயில் பட்ட எரிச்சலே இரண்டுக்கும் பொதுவான நரம்பின் வழியே மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். இது எதிர்த்திசையிலும் நடக்கும். மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி அமிலம் மேலேறும். இளைப்புக்குத் தரும் தியோபிலின் மாத்திரையும் அந்தத் தசையைத் தளர்த்தக்கூடியது.

அதற்காக எல்லோரும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும், நெஞ்சு கரிப்பு பெரிதாக இல்லாத நிலையும் கொண்ட 412 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. 24 வாரம் எசோமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டும் அவர்களுக்கு இளைப்பு குறையவில்லை. நெஞ்சு கரிப்பு உள்ளவர் அதற்காகச் சாப்பிடுவது வேறு. எப்படியானாலும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தி அந்த இடத்தில் கேஸ் மாத்திரையை வைப்பது ஆபத்து.

உங்கள் இளைப்பை எது தூண்டுகிறது என்பதை ஒரு நோட்டுதான் காட்டிக்கொடுக்கும். இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது படுத்தீர்கள், எப்போது இளைத்தது என்று சில வாரங்கள் குறித்து வையுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, ஒட்டடை அடித்த நாள், சளி பிடித்த நாள் எல்லாம் அதில் வரட்டும். பரோட்டா சால்னா சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் படுத்த இரவுகளில் மட்டும் இளைப்பு வந்தால் சந்தேகம் வலுக்கும். காபி, புளி, காரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். எது காரணம் என்றே தெரியாமல் போகும்.

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளையும் மறக்காமல் எழுதுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை சிலருக்குக் கடும் இளைப்பைக் கிளப்பும், வயிற்றையும் புண்ணாக்கும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது இரண்டு நோய்க்கும் நல்லது. புகையை விட்டே ஆகவேண்டும்.

உங்கள் உரிமைகளும் சில உண்டு. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மருத்துவரை மாற்றும்போது பழைய பரிசோதனை முடிவுகளைக் கையோடு கொண்டுபோகலாம். ஆஸ்துமாவை அடியோடு குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்பது மருந்து விதிகளின் ஜே அட்டவணை. பெயரில்லாத பொடியை அப்படிச் சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலருக்கும் அடங்காவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் அதை வாயு என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.