சயனைடு மேட்டில் பயப்பட வேண்டியது எது?

ஆடிக் காற்று கிளம்பினால் கோலார் தங்கவயலில் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். சாத்தினாலும் சோற்றில் நறநறவென்று தூசு கடிபடும். எல்லாம் சயனைடு மேட்டிலிருந்து வருவது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலம் முதல் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை, பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சம். 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும்.

தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்பட்டதால் வந்த பெயர். கேட்டாலே குலை நடுங்கும். ஆனால் விஷம் என்பது பெயரில் இல்லை, அளவில் இருக்கிறது. மருந்தாராய்ச்சியில் அளவைக் கீழேயும் விளைவைப் பக்கவாட்டிலும் குறித்து ஒரு கோடு வரைவார்கள். இன்சுலின் போன்ற பெப்டைடுகளுக்கு அந்தக் கோடு முதலில் படுத்துக் கிடக்கும், பிறகு விறுவிறுவென ஏறும், செல்களின் ஏற்பிகள் நிரம்பியதும் தட்டையாகிவிடும். அதற்குமேல் டோஸைக் கூட்டினாலும் அந்த விளைவு கூடாது.

சயனைடின் கோடோ செங்குத்துப் பாறை. உடம்புக்குள் கொஞ்சம் போனால் கல்லீரல் அதை மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். மரவள்ளிக் கிழங்கில்கூட துளி உண்டு. கல்லீரலின் வேகத்தை மிஞ்சினால் சில நிமிடங்களில் உயிர் போகும். மேட்டின் மேற்பரப்பில் உள்ள சயனைடோ வெயிலிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்துபோவது.

சிதையாதது கல்மாவு. அதன் கணக்கு கந்துவட்டிக் கணக்கு. அதிலுள்ள 5 மைக்ரானுக்கும் சிறிய சிலிக்காத் துகள் நுரையீரலின் கடைசி அறைவரை போகும். அதை விழுங்கும் காவல் செல் செரிக்க முடியாமல் செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு. இங்கே டோஸ் என்பது ஒருநாள் சுவாசித்தது அல்ல, காற்றிலிருந்த தூசையும் வேலை பார்த்த வருஷங்களையும் பெருக்கி வரும் தொகை. 1940-களில் இங்கே பரிசோதித்த தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இந்தத் தழும்பு நோய், அதாவது சிலிகோசிஸ், இருந்தது. சுரங்கத்தில் தண்ணீர் விட்டுப் பாறையில் துளை போட்டால் தூசு குறையும், ஏற்கெனவே உள்ளே போனது குறையாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம். காசநோயும் எளிதில் தொற்றும்.

சுரங்கத்தில் இறங்கிய அப்பாவோ தாத்தாவோ வீட்டில் இருமிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: எந்த ஷாஃப்ட், என்ன வேலை, எத்தனை வருஷம். கூடவே சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேவும் கேளுங்கள்.