முன்பணம் 30 ஆயிரம்... முடிவே இல்லாத வேலை! கொத்தடிமையிலிருந்து மீண்டவர்களை ஊர் எப்படித் தாங்கலாம்?

பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். அதற்கு முன்பே மேஸ்திரிகள் ஊர் ஊராக வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கரும்பு வெட்டு, மரம் வெட்டு, ஆட்டுக்கிடை, வாத்து மேய்ப்பு என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஆள் சேர்ப்பது உண்டு.

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மழை பொய்த்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. குழுக் கடன் தவணை கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "இந்தா 30 ஆயிரம். குடும்பத்தோட வந்து வேலை பாருங்க, கழிச்சுக்கலாம்" என்கிறார். வாங்காமல் இருக்க முடியுமா?

முன்பணம் வாங்குவது குற்றமில்லை. ஆனால், அந்தப் பணத்தைக் காட்டி ஒருவரை வெளியே விடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. ஏமாற்றியோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ சுரண்டுவதற்காக ஆளை அழைத்துப் போனால் அது மனிதக் கடத்தல்.

கடத்தல் என்றதும் நமக்கு வெள்ளை வேன், மயக்க மருந்து என்று சினிமா காட்சிதான் நினைவுக்கு வரும். கிராமத்தில் அது பெரும்பாலும் தெரிந்த முகமாக, கையில் பணத்தோடு வீட்டு வாசலுக்கே வருகிறது.

எது கொத்தடிமை? எப்படிக் கண்டுபிடிப்பது?

கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் 1976-ல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததால்தான், ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியில் கொத்தடிமை ஒழிப்பு தின உறுதிமொழி எடுக்கிறார்கள்.

சட்டம் சொல்வதை எளிமையாகச் சொன்னால் இப்படி. கடன் அல்லது முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் வேலை செய்கிறார். அவருக்கு இந்த நான்கில் ஏதாவது ஒன்று மறுக்கப்படுகிறது:

• நியாயமான கூலி
• விரும்பிய இடத்தில் வேலை பார்க்கும் உரிமை
• நினைத்த இடத்துக்குப் போய்வரும் சுதந்திரம்
• தன் விளைபொருளையோ உழைப்பையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை

நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தாலே போதும்.

சங்கிலி போட்டுக் கட்டிவைத்தால்தான் அடிமை என்பதும் இல்லை. குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் வந்த தீர்ப்பு அது. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவுதான் அதற்கு அடிப்படை.

ஊரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. சாவு வீட்டுக்குக்கூட முழுக் குடும்பமும் வராமல், ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பிணையாக நிறுத்திக்கொள்வது. ஆதார், ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டை முதலாளியோ மேஸ்திரியோ வாங்கி வைத்துக்கொள்வது. போனில் பேசினால் பக்கத்தில் யாரோ நிற்பது போல இருப்பது. கணக்கு கேட்டால் அடி விழுவது. எத்தனை மாதம் உழைத்தாலும் கடன் மட்டும் குறையாமலே இருப்பது.

நம்ம பக்கம் இதெல்லாம் நடக்குதா?

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். அடுத்த சில வாரங்களிலேயே ஒரு செய்தி வந்தது. கொள்ளிடத்துக்குத் தென்கரையில், தஞ்சாவூர் மாவட்டத்தில் புயலால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பம், 36 ஆயிரம் ரூபாய்க்காக மகனை வேலைக்கு அடகு வைத்திருந்தது. அந்தச் சிறுவன் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மீட்கப்பட்டான்.

2025 மே மாதம் இன்னும் கொடுமையான ஒன்று வெளியே வந்தது. ஆந்திராவைச் சேர்ந்த ஏனாதி பழங்குடிக் குடும்பம் ஒன்று வாத்து மேய்க்கும் வேலைக்காக 25 ஆயிரம் ரூபாய் வாங்கியிருந்தது. வேலையை விட்டுப் போகிறோம் என்றபோது, பணத்துக்குப் பிணையாக மகனை நிறுத்திக்கொண்டார்கள். தாய் பணத்தைப் புரட்டிக்கொண்டு தேடியபோது மகன் உயிரோடு இல்லை. அவனுடைய உடல் காஞ்சிபுரம் பகுதியில் பாலாற்றங்கரையில் தோண்டி எடுக்கப்பட்டது.

இரண்டு சம்பவத்திலும் தொகையைப் பாருங்கள். 36 ஆயிரம். 25 ஆயிரம். அவசரத்துக்கு அந்தப் பணம் வேறு வழியில் கிடைத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள்.

ஆள் மீட்கப்பட்டால் அடுத்து என்ன நடக்கும்?

புகார் வந்ததும் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சார் ஆட்சியர் தலைமையில் அதிகாரிகள் போய் விசாரிப்பார்கள். தொழிலாளர்களைத் தனியாக அழைத்துப் பேசி வாக்குமூலம் வாங்குவார்கள். கொத்தடிமை என்று தெரிந்தால் விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு தாள்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அரசு உதவி கேட்கும்போது இதைத்தான் முதலில் காட்டச் சொல்வார்கள்.

பழைய கடன் என்ன ஆகும்? சட்டப்படி அது அப்போதே ரத்து. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரத்தான கடனுக்காக முதலாளி பணம் வாங்கினால், அதுவும் குற்றம். அதற்கு 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். "கடன் வாங்கவில்லை என்று நீ நிரூபி" என்று தொழிலாளியிடம் யாரும் கேட்க முடியாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை 15-வது பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி கிடைக்கும் உதவி இது:

• உடனடி உதவி: 30 ஆயிரம் ரூபாய் வரை
• ஆண் தொழிலாளிக்கு: 1 லட்சம் ரூபாய்
• பெண்கள், குழந்தைகளுக்கு: 2 லட்சம் ரூபாய்
• கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளில் சிக்கியவர்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்களுக்கு: 3 லட்சம் ரூபாய்

இதோடு வீட்டுமனை, ரேஷன் பொருட்கள், பிள்ளைகளின் படிப்பு, கால்நடை வளர்ப்பு போன்ற உதவிகளும் உண்டு. உடனடி உதவிக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி தனியாக இருக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது.

அப்புறம் ஏன் திரும்பவும் அதே வேலைக்குப் போகிறார்கள்?

பிரச்சினையே இங்கேதான். உடனடி உதவி போக மீதித் தொகை நீதிமன்ற நடவடிக்கையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும்.

இதற்கிடையில் குடும்பம் ஊருக்கு வந்துவிடுகிறது. வீட்டுக் கூரை பிய்ந்து கிடக்கிறது. ரேஷன் கார்டு சூளையிலேயே போய்விட்டது. பிள்ளைக்குப் பள்ளியில் பெயர் இல்லை. ஊரில் சிலர், "வாங்கின காசை ஏமாத்திட்டு ஓடி வந்தவன்" என்று பேசுகிறார்கள். பாலியல் கொடுமையில் இருந்து மீண்ட பெண்ணாக இருந்தால் பேச்சு இன்னும் மோசம்.

ஒரு மாதம் தள்ளுவார்கள். இரண்டு மாதம் தள்ளுவார்கள். மூன்றாம் மாதம் வேறொரு மேஸ்திரி 10 ஆயிரம் ரூபாயோடு வந்து நின்றால்?

அதிகாரிகள் ஒரே நாளில் மீட்டுவிடலாம். அதற்கு அடுத்த ஆறு மாதத்தைத் தாண்ட வைப்பது ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

மீண்டவர்களே வழிகாட்டிய வட மாவட்டங்கள்

இதற்கு நல்ல உதாரணம் சென்னையைச் சுற்றியுள்ள வட மாவட்டங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர் பக்கம் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் வேலையிலும் இருளர் குடும்பங்கள் தலைமுறையாகச் சிக்கியிருந்தன. 2011-ல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அதாவது, இங்கிருந்து ஆட்கள் போவது மட்டுமல்ல, வெளி மாநிலத்தவர்கள் இங்கே வந்து சிக்குவதும் நடக்கிறது.

அந்த மாவட்டங்களில் மீட்கப்பட்ட தொழிலாளர்கள் தங்களுக்கென்று சங்கம் ஆரம்பித்தார்கள். யாராவது எங்கேயாவது மாட்டியிருப்பதாகத் தெரிந்தால் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்வது, மீண்டு வருபவர்களுக்குச் சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு வாங்க அலுவலகங்களுக்குக் கூடவே போவது, அரசுத் திட்டங்களைக் கேட்டு வாங்குவது இவையெல்லாம் சங்கத்தின் வேலைகள். அதே வாழ்க்கையை வாழ்ந்தவர் வந்து பேசும்போது, பயந்துபோன குடும்பம் வாய் திறக்கிறது. வெளியாட்கள் கேட்டால் அவ்வளவு சீக்கிரம் பேச மாட்டார்கள்.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் 2022-ல் இன்னொரு முயற்சியை எடுத்தது. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே சேர்ந்து நடத்தும் செங்கல் சூளைகளை 'சிறகு' என்ற பெயரில் தொடங்கியது. அவர்களுக்குத் தெரிந்த தொழில் செங்கல் அறுப்பது. அதையே விட்டுவிடச் சொல்லாமல், சூளையையே அவர்கள் கையில் கொடுத்தார்கள். நேற்று வரை யாருக்கோ கல் அறுத்தவர்கள், தங்கள் சூளைக்குத் தாங்களே கணக்கு எழுதினார்கள்.

அரியலூர், பெரம்பலூர் கிராமங்களில் என்ன செய்யலாம்?

பெரிய நிதியோ பெரிய அமைப்போ இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு.

ஒன்று, ஒரு நோட்டு. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் யார், எந்த ஊர், எந்த மேஸ்திரி, அவர் போன் நம்பர் என்ன, முன்பணம் எவ்வளவு என்று ஊராட்சியிலோ மகளிர் குழுவிலோ எழுதி வைக்கலாம். யார் பொறுப்பில் போனார்கள் என்பது எழுத்தில் இருந்தாலே மேஸ்திரிக்குப் பயம் வரும். தேடும்போது போலீசுக்கும் அதுதான் முதல் துப்பு.

இரண்டு, கிராம சபை. தமிழகத்தில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திரும்பி வராத குடும்பங்கள், பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகள் பற்றி அங்கே கேட்டுத் தீர்மானத்தில் பதிவு செய்ய வைக்கலாம்.

மூன்று, வருகைப் பதிவேடு. ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை என்றால் முதலில் தெரிவது ஆசிரியருக்குத்தான். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் காதில் அதைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

நான்கு, அவசரக் கடன். மகளிர் சுயஉதவிக் குழு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் மூலம் சின்னத் தொகை உடனே கிடைத்தால், மேஸ்திரியின் பணத்துக்கு மவுசு குறையும். மீண்டு வந்த பெண்ணை முதல் வாரத்திலேயே குழுவில் சேர்த்துக்கொள்வது பெரிய ஆதரவு. கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டினால், அதைத் தடுக்க 2025-ல் தமிழக சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது.

ஐந்து, கண்காணிப்புக் குழு. மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் இந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது 1976 சட்டம். மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த 3 பேரும், சமூகப் பணியாளர்கள் 2 பேரும் இடம்பெற வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம் என 2 வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. உங்கள் கோட்டக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

"அவங்களே சம்மதிச்சுதானே போனாங்க?"

இது பலர் கேட்கும் கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 370) இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. மனிதக் கடத்தல் வழக்கில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. பிள்ளையின் பெற்றோருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் கடத்தலின் ஒரு வழிதான். தண்டனை 7 முதல் 10 ஆண்டு வரை. குழந்தையாக இருந்தால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம்.

யாருக்குப் போன் செய்வது?

• குழந்தைகள் என்றால்: 1098
• பெண்கள் என்றால்: 181
• உடனடி ஆபத்து, போலீஸ் உதவி: 112
• இலவச சட்ட உதவி: 15100

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். இடம், முதலாளி அல்லது மேஸ்திரி பெயர், எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், முன்பணம் எவ்வளவு. இந்த ஐந்தும் இருந்தால் அதிகாரிகள் வேகமாக நகர முடியும்.

ஒரு எச்சரிக்கை. நீங்களே நேராகப் போய்ச் சண்டை போட்டு மீட்க முயலாதீர்கள். விஷயம் கசிந்தால் இரவோடு இரவாக ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மீட்கப்பட்டவர்களின் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் கூடாது. அது அவர்கள் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதையே கெடுத்துவிடும்.

அடுத்த முறை உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்தால், "எங்க போயிருக்காங்க, யார் கூட்டிட்டுப் போனது, கடைசியா எப்ப பேசினாங்க?" என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். யாருக்குமே பதில் தெரியவில்லை என்றால், மேலே உள்ள நம்பரில் ஒன்றை அழைக்க வேண்டிய நேரம் அதுதான்.