உயர்தரக் கையடக்க எண்ணிமக் கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

உயர்தரக் கையடக்க எண்ணிமக் கேமரா என்பது லென்சைக் கழற்றி மாற்ற முடியாத, சிறு பையில் அடங்கக்கூடிய கேமரா வகையாகும். சாதாரணக் கையடக்கக் கேமராவில் உள்ளதைவிடப் பெரிய உணரி, கூடுதல் ஒளியை உள்வாங்கும் லென்ஸ், கையால் அமைக்கும் கட்டுப்பாடுகள், ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி ஆகியவை இதன் அடையாளங்கள். எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே ஏற்ற மாதிரி அமையும். தருமபுரி மாவட்டத்தின் நடுகற்கள், அதியமான்கோட்டைக் கோயில் ஓவியங்கள், ஒகேனக்கல் அருவி ஆகியவை இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள்.

உணரி

மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட உணரியின் பரப்பு முதன்மையானது. சாதாரணக் கையடக்கக் கேமராக்களின் உணரி ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. அளவுடையது. 2012 இல் வெளியான சோனி ஆர்எக்ஸ்100 இன் உணரி 13.2 × 8.8 மி.மீ.; பரப்பில் நான்கு மடங்கு. ரிக்கோ ஜிஆர் (2013), ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 (2011) ஆகியவற்றின் உணரி இதைவிட மூன்று மடங்கு பெரியது. உணரி பெரிதாக இருந்தால் மங்கிய ஒளியில் படத்தில் புள்ளி இரைச்சல் குறையும்.

லென்ஸ்

லென்சின் துளை எண் சிறியதாக இருந்தால் ஒளி கூடுதலாக உள்ளே வரும். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படும் எண், பெரும்பாலும் அகலக் கோணத்துக்கு மட்டுமே உரியது. ஆர்எக்ஸ்100 இல் அகலக் கோணத்தில் எஃப்/1.8 ஆக இருக்கும் துளை, முழு ஜூமில் எஃப்/4.9 ஆகிறது, ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. கேனான் ஜி7 எக்ஸ் (2014) முழு ஜூமிலும் எஃப்/2.8 தருகிறது.

நடுகற்கள்

மாவட்டத்தின் நடுகற்கள் பல வெட்டவெளியில் நின்று மழையிலும் வெயிலிலும் தேய்ந்து வருகின்றன. எழுத்து மறைந்த பின் நல்ல படமே சான்றாக எஞ்சும். கல்லை மிக அருகிலிருந்து அகலக் கோணத்தில் எடுத்தால் உருவம் கோணலாகும். ஆகவே 50 முதல் 70 மி.மீ. வரையிலான நிகர்க் குவியத் தொலைவு தரும் ஜூம் மாதிரி ஏற்றது, 28 மி.மீ. நிலை லென்ஸ் கொண்ட ஜிஆர் இப்பணிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. காலை, மாலைப் பக்கவாட்டு வெயிலில் தேய்ந்த வட்டெழுத்தும் தெளியும். எழுத்துகளில் சுண்ணக்கட்டி பூசுவது கல்லுக்குக் கேடு. படத்தில் ஓர் அளவுகோலையும் சேர்ப்பது நல்லது.

கோயில் ஓவியங்கள்

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் பழைய ஓவியங்கள் உள்ளன. இத்தகைய இடங்களில் அனுமதி பெற்று, ஃபிளாஷ் இன்றியே எடுக்க வேண்டும். பெரிய உணரி, அகலத் துளை, அதிர்வுத் தடுப்பு ஆகிய மூன்றும் இங்கு உதவும். ரா கோப்பில் வண்ணங்களைப் பின்னர்ச் சரிசெய்ய இடமுண்டு.

ஒகேனக்கல்

அருவியின் சாரலும் பரிசல் பயணமும் கேமராவை நனைக்கும். பெரும்பாலான கையடக்க மாதிரிகளுக்கு நீர்த்தடுப்பு இல்லை. தூசும் ஈரமும் புகாத கேனான் ஜி1 எக்ஸ் மார்க் 3 (2017) போன்றவை விதிவிலக்கு. பட்டப்பகலில் நீரோட்டத்தைப் பட்டிழைபோல் காட்ட, ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும் உள்ளமைந்த வடிகட்டி பயன்படும். ஜி7 எக்ஸில் இது உண்டு.

பழைய கேமரா வாங்குதல்

பழைய மாதிரி வாங்குவோர் லென்சுக்குள் பூஞ்சை, உணரியில் தூசு, ஜூம் தடையின்றி நகர்தல், மின்கலம் கிடைக்கும் நிலை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். லென்ஸ் கழற்ற முடியாதது என்பதால், உள்ளே புகுந்த தூசைப் பயனரே எளிதில் நீக்க இயலாது.