இணைய விளையாட்டு: சந்தாவா, இலவசமா?

பலர் ஒருங்கே கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில் வருவாய் ஈட்டும் முறைகள் இரண்டு. முதலாவது சந்தா. 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' ஆட்டத்தை முழுமையாக ஆட விரும்புவோர் மாதம் சுமார் 15 டாலர் செலுத்த வேண்டும். இரண்டாவது முறையில் நுழைவு இலவசம். ஆடை, அணிகலன் போன்றவற்றுக்கு மட்டுமே விலை. 2021இல் இந்தியாவில் வெளியான 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' இவ்வகையைச் சார்ந்தது.

புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பமே. ஆனால் ஆடுவோர் பெருகப் பெருக ஆட்டத்தின் மதிப்பு உயர்கிறது. எனவே, நுழைவுக் கட்டணத்தைக் கைவிடுவது ஈகையன்று, வாணிகக் கணக்கே. பலர் ஆடுவதற்கான செலவைச் சிலர் ஏற்கின்றனர். சந்தா முறையில் ஒருவரின் செலவு முன்கூட்டியே தெரிந்தது. இலவச முறையில் அவ்வாறன்று. மேற்கூறிய இந்திய ஆட்டம் வெளியானபோது 18 வயதுக்குட்பட்டோருக்கு விதிக்கப்பட்ட செலவு உச்சவரம்பே நாளொன்றுக்கு 7,000 ரூபாய்!

2025ஆம் ஆண்டின் இணையவழி விளையாட்டுகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. சந்தாவையும் ஒருமுறைக் கட்டணத்தையும் அனுமதிக்கிறது. கட்டணம் வேறு, பணயம் வேறு என்பதே இதன் அடிப்படை. எனினும், பணயமற்ற சிறு செலவுகள் சேர்ந்து பெருஞ்செலவாவதை இவ்வேறுபாடு தடுத்துவிடாது. அதற்குத் தெளிவான விலை அறிவிப்பும், குறைந்த உச்சவரம்பும், பெற்றோரின் கண்காணிப்பும் இன்றியமையாதன.