உங்களுக்குத் தெரியுமா? செட்டிநாட்டு வீட்டுக்குள் லத்தீன்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளைக் கூஜா, எனாமல் கிண்ணம், ரசம் போன கண்ணாடி என்று பார்த்துக்கொண்டே போனால், ஏதாவது ஒரு கடையின் மூலையில் இரும்புச் சாவிகள் குவிந்து கிடக்கும். ஒரு சாண் நீளம், தலையில் வளையம், நுனியில் இரண்டு மூன்று பல். கையில் எடுத்துப் பார்த்தால் கனம் தெரியும். கீழே வைத்த பிறகும் துரு செம்மண் போல விரலில் ஒட்டியிருக்கும். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் வீடு என்பது பல பங்காளிகளின் வீடு. புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. கல்யாணம் என்றால் திசைக்கொருவராய்ப் போனவர்கள் வந்து கூடி, அவரவர் அறையைத் திறப்பார்கள். அப்படி எந்த ஊரில், யார் வீட்டுக் கதவைத் திறந்த சாவியோ இது!

இரும்புக்கு வயது நூறு இருக்கலாம். ‘சாவி’ என்ற சொல்லின் வயது ஈராயிரத்தைத் தாண்டும்.

ரோமாபுரியில் அதன் பெயர் ‘கிளாவிஸ்’. அங்கிருந்து புறப்பட்ட சொல் இத்தாலியில் ‘கியாவே’ ஆனது. ஸ்பெயினில் ‘யாவே’, பிரான்சில் ‘கிளே’, ருமேனியாவில் ‘கேயே’. போர்ச்சுக்கீசியர் அதைச் ‘சாவெ’ என்றார்கள். 1498-இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியவர்கள் பிறகு நம் கிழக்குக் கரைக்கும் வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. தமிழ் ‘சாவி’ என்று வாங்கிக்கொண்டது. இந்தி ‘சாபி’ என்று வாங்கியது. இன்று லிஸ்பன் நகரத்தில் யாரும் ‘ச’ போட்டு இதைச் சொல்வதில்லை. அங்கே அது ‘ஷாவ்’ ஆகிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டுப் போர்ச்சுக்கீசிய உச்சரிப்பு அவர்கள் வாயில் மாறிப்போய், நம் வாயில் நிலைத்திருக்கிறது.

*

சாவிக்கு லத்தீனில் ஆறு வேற்றுமை உண்டு என்பது தெரியுமா? ‘கிளாவிஸ்’ என்றால் சாவி. ‘கிளாவெம்’ என்றால் சாவியை. ‘இன்’, ‘கண்’ என்று நாம் உருபு சேர்ப்பது போலவே அவர்களும் சொல்லின் வாலை மாற்றுவார்கள். காலப்போக்கில் பேச்சு லத்தீனில் அந்த வால்கள் தேய்ந்தன. கடைசி ‘ம்’ உதிர்ந்தது. பெரும்பாலான சொற்களில் இரண்டாம் வேற்றுமை வடிவமே பொது வடிவமாக நின்றுவிட்டது. ‘கிளாவெம்’ தேய்ந்து ‘கிளாவெ’, அதுதான் ‘சாவெ’.

அப்படியானால் ‘சாவியை எடு’ என்று நாம் சொல்லும்போது என்ன நடக்கிறது? முன்னொரு காலத்தில் ‘ஐ’ ஏறி, அதைத் தொலைத்துவிட்டு வந்த சொல்லுக்குத் தமிழ் மறுபடி ‘ஐ’ போடுகிறது. ஐரோப்பாவில் பறிபோன உருபுகள் எல்லாம் இங்கே அதற்குத் திரும்பக் கிடைத்தன: சாவியை, சாவியால், சாவிக்கு, சாவியின், சாவியினது, சாவியில், சாவியே! உருபில்லாத ‘சாவி’யையும் சேர்த்தால், ஆறு இருந்த இடத்தில் எட்டு. கடன் வாங்கிய சொல்லுக்கு இவ்வளவு சொத்து எழுதிவைத்த மொழி நம்முடையது.

இரண்டு மொழிகளின் வேற்றுமைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணமே எழுதினார். எழுதியது 1728, தரங்கம்பாடியில் அச்சானது 1738.

*

ஜன்னலும் ஜனவரியும் ஒரே குடும்பம். லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. வாசல்களின் தெய்வம் ‘யானுஸ்’. ஆண்டின் வாசலாக நிற்கும் மாதத்துக்கு அவன் பெயர். ‘யானுவா’வைச் செல்லமாகச் சுருக்கினால் ‘சின்னக் கதவு’. அதுவே போர்ச்சுக்கீசியத்தில் ‘ஜனெலா’, நமக்கு ஜன்னல். இலங்கைத் தமிழர் ‘யன்னல்’ என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவின் மற்ற பெரிய மொழிகள் ஜன்னலுக்கு இந்தச் சொல்லை எடுக்கவில்லை. இத்தாலியின் ‘ஃபினெஸ்த்ரா’, பிரான்சின் ‘ஃபெனெத்ர்’, ஜெர்மனியின் ‘ஃபென்ஸ்டர்’ மூன்றும் வேறொரு லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஸ்பானியர் வைத்த பெயர் ‘வெந்தானா’: லத்தீனில் ‘வெந்துஸ்’ என்றால் காற்று. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ வட ஐரோப்பியக் கடலோடிகளின் மொழியில் ‘காற்றுக்கண்’ என்று பொருள்பட்ட சொல். காற்று வரும் இடம் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் முன்னோருக்கும் அப்படியேதான் தோன்றியது. பழந்தமிழில் ஜன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பூம்புகார் மாளிகைகளைப் பேசும் இடத்தில் இளங்கோவடிகள் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்விகத்தைச் சொல்லும் நகரத்தாரின் வீடுகளில், வளவைச் சுற்றி எத்தனை காலதர்! சொல் மட்டும் கைவிட்டுப் போயிற்று. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஜன்னல் நல்ல சொல்தான். காலதர் அதைவிட அழகு.

*

முகப்பில் இருக்கும் இரும்புக் கிராதியும் போர்ச்சுக்கீசியம் வழியாக வந்த லத்தீன். ‘கிராதிஸ்’ என்றால் பின்னிய தட்டி. அதன் சின்ன வடிவமான ‘கிராத்திகுலா’ பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகக் ‘கிரில்’ ஆகி நம்மிடம் வந்தது. கிரில் கேட்டைத் தாண்டிக் கிராதிக் கதவைத் திறப்பவர் ஒரே சொல்லை இரண்டு முறை கடக்கிறார்.

*

அலமாரி, ஆயுதம் வைக்கும் இடம்! ‘ஆர்மா’ என்றால் லத்தீனில் ஆயுதம், தளவாடம். அதை வைக்கும் பெட்டகம் ‘ஆர்மாரியும்’. ஸ்பானியத்தில் ‘அர்மாரியோ’, பிரெஞ்சில் ‘அர்முவார்’. ராணுவத்தைக் குறிக்கும் ‘ஆர்மி’யும், ‘ஆயுதத்தை எடு’ என்று இத்தாலியர் போட்ட கூச்சலில் பிறந்த ‘அலாரம்’ என்பதும் இதன் உறவு. தளவாடம் இருந்த இடத்தில் நம் வீட்டில் பட்டுச் சேலையும் வெள்ளிச் சாமானும் இருக்கின்றன.

*

மேஜையின் கதை சற்று நீளம். லத்தீனில் ‘மென்சா’. பேச்சில் ‘ன்’ அப்போதே விழுந்துவிட, ஸ்பெயினிலும் போர்ச்சுக்கல்லிலும் அது ‘மேசா’ ஆனது. ருமேனியாவில் ‘மாசா’. போர்ச்சுக்கீசியர் நடுவிலுள்ள ‘ச’வை அதிர்த்துச் சொல்வதால் நமக்கு மேஜை என்றும் ஒரு வடிவம் கிடைத்தது. இத்தாலியில் இன்று ‘மென்சா’ என்றால் கேன்டீன். ஜெர்மன் மாணவர்களும் மதியச் சாப்பாட்டுக்கு ‘மென்சா’வுக்குத்தான் போகிறார்கள்; பல மென்சாக்கள் இருந்தால் ஜெர்மன் வழக்கப்படி ‘மென்சென்’.

இந்தச் சொல்லில்தான் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குச் சிறுவயதில் லத்தீன் பாடம் தொடங்கியது. 1930-இல் வெளிவந்த தம் இளமைக்கால நினைவுகளில் அவர் இதை எழுதியிருக்கிறார். ‘மென்சா’வின் விளி வேற்றுமை, ‘மேஜையே!’ என்று வரும் என்பது பாடம். மேஜையை யார் கூப்பிடுவார்கள் என்று பையனுக்குப் புரியவில்லை. கேள்வி கேட்டதற்குத் தண்டனை கிடைக்கும் என்ற மிரட்டல்தான் மிச்சம்.

நம் ஊர்க் குழந்தைக்கு அந்தச் சங்கடமே வந்திருக்காது. நிலாவையும் கிளியையும் மேகத்தையும் கூப்பிட்டுப் பாடி வளர்ந்த பிள்ளைக்கு மேஜையைக் கூப்பிடுவதா கஷ்டம்?

*

ஒரே லத்தீன் சொல் நம்மிடம் ஐந்து வேடத்தில் உலவுகிறது. ‘மாகிஸ்டர்’ என்றால் தலைவன், ஆசான். ‘மாகிஸ்’, அதாவது ‘கூடுதல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அது போர்ச்சுக்கீசியத்தில் ‘மெஸ்த்ரெ’ ஆகிச் செட்டிநாட்டு மாளிகையைக் கட்டிய மேஸ்திரி ஆனது. ஆங்கிலம் வழியாகப் பரோட்டா மாஸ்டர் வந்தார். அதே மாஸ்டர் உச்சரிப்பில் தேய்ந்து ‘மிஸ்டர்’. நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட். இத்தாலிய வடிவம் ‘மாஎஸ்த்ரோ’. அதை மேஸ்ட்ரோ என்று நாம் இளையராஜாவுக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஜெர்மனியில் ‘மைஸ்டர்’, பெண்ணானால் ‘மைஸ்டரின்’. பிரெஞ்சில் ‘மேத்ர்’; நடுவில் இருந்த ‘ஸ்’ விழுந்ததற்கு அடையாளமாக எழுத்தின் தலையில் ஒரு கூரை போடுவார்கள். தமிழில் ஒருவரானால் மேஸ்திரியார், பலரானால் மேஸ்திரிமார்.

‘மாகிஸ்’ கூடுதல் என்றால் ‘மினுஸ்’ குறைவு. குறைந்தவன், பணியாள் என்ற பொருளில் அதிலிருந்து பிறந்த சொல் மினிஸ்டர். சொல்லின் கணக்குப்படி மேஸ்திரி பெரியவர்.

*

டைல் என்பது தரைக்கு வந்த கூரை. ‘தேகுலா’ என்ற லத்தீன் சொல்லுக்கு மூடுவது என்று பொருள். கூரை ஓட்டைக் குறித்தது. ஜெர்மனில் ‘ட்சீகல்’, பிரெஞ்சில் ‘துயில்’, ஆங்கிலத்தில் டைல். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி வார்க்கும் கல்லுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. உள்ளே போகும் சிமெண்டும் லத்தீன்தான்: ‘கைமெந்தும்’, வெட்டியெடுத்த கல் சில்லு.

*

செட்டிநாட்டு ஓட்டல்களில் ‘பெப்பர் சிக்கன்’ என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பெப்பர் இந்தியாவிலிருந்து போன சொல். வடமொழியில் ‘பிப்பலி’ என்பது நம் திப்பிலி. கிரேக்கர் வாயில் ‘பெபெரி’, லத்தீனில் ‘பிப்பெர்’ என்று ஆகும்போது அது மிளகையும் சேர்த்துக்கொண்டது. இத்தாலியில் ‘பேப்பே’, பிரான்சில் ‘புவாவ்ர்’, ஜெர்மனியில் ‘ப்ஃபெஃபர்’. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி ரோமாபுரி விலையைக் குறித்திருக்கிறார்: ஒரு பவுண்டு மிளகு 4 தினாரியஸ், திப்பிலி 15. இந்தக் கசப்பான, காரமான பொருளுக்கா இவ்வளவு காசு என்பது அவர் ஆதங்கம். மிளகைத் தேடியே கப்பல் ஏறிய போர்ச்சுக்கீசியரோ அதை ‘பிமெந்தா’ என்கிறார்கள். அது வண்ணத்தைக் குறிக்கும் ‘பிக்மெந்தும்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வழி.

*

நாம் வாங்கியது போலக் கொடுத்ததும் உண்டு. கடற்கரைப் பட்டினங்களிலும் மலாக்காவிலும் கண்ட தமிழ் வணிகர்களைப் போர்ச்சுக்கீசியர் ‘சாத்திம்’ என்று எழுதினார்கள். செட்டி என்பதுதான் அது. ஒருவர் ‘சாத்திம்’, பலர் ‘சாத்தின்ஸ்’. அதோடு நிற்காமல் வினையும் ஆக்கினார்கள்: ‘சாத்தினார்’ என்றால் வியாபாரம் செய்தல். லத்தீன் தந்த ‘ஆர்’ விகுதி நம் சொல்லின் வாலில் ஏறியது. ‘சாத்தினோ’ என்றால் நான் வியாபாரம் செய்கிறேன், ‘சாத்தினா’ என்றால் அவன் செய்கிறான். ‘சாவி’ நம் எட்டு வேற்றுமையையும் ஏற்றதற்கு இது சரியான எதிர்மொய்.

பொருள் மட்டும் கெட்டுப்போனது. இன்றைய போர்ச்சுக்கீசிய அகராதிகளில் சாத்திம் என்பவன் நேர்மையில்லாத வியாபாரி. போட்டிக்கு நின்ற வணிகனைப் பிடிக்காதவர்கள் செய்த வேலை இது என்றே நான் நினைக்கிறேன். அந்த அகராதிப் பொருளுக்குப் பதில் சொல்ல நம்மிடம் இருப்பவை பழைய கணக்கேடுகள்.

*

போர்ச்சுக்கீசியர் 1619 முதல் 1658 வரை ஆண்ட யாழ்ப்பாணத்தில் இத்தகைய சொற்கள் இன்னும் அதிகம். சமையலறை அங்கே ‘குசினி’, லத்தீனின் ‘கொக்கீனா’. நாற்காலி ‘கதிரை’, ‘காதெட்ரா’. ஆயரின் இருக்கை உள்ள தேவாலயம் கதீட்ரல் ஆனதும் இதனால்தான். ஆனால் சாவியை மட்டும் அவர்கள் தமிழிலேயே ‘திறப்பு’ என்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் ஆளாத காரைக்குடியில் சாவி, ஆண்ட யாழ்ப்பாணத்தில் திறப்பு! சொற்கள் ஆட்சி எல்லையைப் பார்த்துப் போவதில்லை.

*

ஸ்டைல் என்பது எழுத்தாணி என்றால் நம்புவீர்களா? ரோமர்கள் மெழுகுப் பலகையில் கீறி எழுதிய கூர்முனைக் கோலுக்கு ‘ஸ்திலுஸ்’ என்று பெயர். எழுதுகோலின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகி, பிறகு நடக்கும் விதம், உடுத்தும் விதம் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. பேனாவுக்கு மூலமான ‘பென்னா’ என்றால் இறகு. இத்தாலியில் அதன் பன்மை ‘பென்னே’. பேனா முனைபோலச் சாய்த்து வெட்டிய பாஸ்தாவுக்கும் அதுவே பெயர்.

இங்கே எழுத்தாணியும் இருந்தது, பேனாவும் வந்தது. பனையோலையில் கீறிய கணக்கு பின்னால் மைக்கு மாறிப் பேரேடு ஆனது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் எழுதிய ஏடுகள் கப்பலேறி இங்கே வந்தன. எந்த ஆண்டில் எந்த வீட்டுக்கு மேஜை வந்தது, எந்த ஆண்டில் அலமாரி செய்யக் கூலி கொடுத்தார்கள், அந்தச் சொல்லை அன்று எப்படி எழுதினார்கள் என்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்கிறது. எந்த அகராதியிலும் அது கிடைக்காது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஓர் ஏடு இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.