திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு நேரம்?
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதன் நீளம் இவ்வளவு. இதைப் பெருவட்ட வில் என்பர். இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் திரிகோணமிதி கொண்டு எவரும் கணக்கிட்டுவிடலாம். நான் கணக்கிட்டுக் கண்ட எண்ணையே மேலே தந்துள்ளேன்.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி. ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய நான்கு மணி ஆகிறது.

ஆனால் சீட்டில் இந்த நான்கைக் காண முடியாது! எங்கள் ஊரில் பல வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவனே என்பதால் விமானச் சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. "போறப்ப ஆறரை மணி நேரம், வர்றப்ப ஒன்றரை மணி நேரம். வர்ற வழி இறக்கமா தம்பி?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். சீட்டில் உள்ளபடி அவர் கேட்டது சரியே. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. சீட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். போகும்போது இரண்டரையைக் கழிக்கவேண்டும், வரும்போது கூட்டவேண்டும்.

இது தெரியாமல் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் அறிவேன். மகன் காலை 10 மணிக்குப் புறப்படுகிறான், போனபோது ஆறரை மணி ஆயிற்று என்று கணக்கிட்டு, மாலை நாலரைக்கு வண்டி பேசிக்கொண்டு போனார்கள். அவனோ பதினொன்றரைக்கே இறங்கிவிட்டான். கைப்பேசியில் இந்திய எண்ணும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வந்தவன் ஐந்து மணி நேரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

கடிகாரம் இருக்கட்டும். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பதுகூட எப்போதும் உண்மையன்று. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியே திருப்பியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ.; புதிய வழி சுமார் 15,300 கி.மீ. ஆயினும் பயணம் இரண்டு மணி போலக் குறைந்து, பதினான்கரை மணியில் முடிந்தது. பூமி சுழல்வதால் ஊர் தானே எதிரே வந்துவிடுகிறது என்று சிலர் சொல்லக் கேட்டேன். அப்படியன்று, காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்தோடும் ஜெட் காற்றே விமானத்தைப் பின்னின்று தள்ளுகிறது.

நம் தென்னாட்டின் மேலோ, தென்மேற்குப் பருவக்காலத்தில் ஜெட் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. இதை ஆராய்ந்து 1958-இல் எழுதியவர் கோடீஸ்வரம் என்னும் இந்திய வானிலை அறிஞர். ஆகவே ஆடி மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகலாம்.